அயல் நாட்டைப் பிடிக்கும் யுத்தம் நியாயமா?



விடியுமுன் சாப்பாட்டுத் தூக்குடன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நம் போடிநாயக்கனூரில் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார்கள். முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறிப் போடிமெட்டை அடைந்தால் சோதனைச் சாவடி நிற்கிறது. அதற்கு இப்பால் தமிழ்நாடு, அப்பால் கேரளம். பூப்பாறையிலும் சாந்தம்பாறையிலும் நாள் முழுதும் காய் எடுத்துவிட்டு அந்தியில் இறங்கி வருகிறவர்களுக்கு இந்த எல்லை சாதாரண நாட்களில் பெரிய விஷயமல்ல. ஆனால் 2011-ம் வருஷம் டிசம்பர் மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, தோட்டங்களிலிருந்து நம் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளுடன் மலையிறங்கி ஓடிவந்தார்கள். அப்படிப்பட்ட சமயங்களில், "மலை யாருடையது? முன்னே யார் பிடித்தது? திருப்பிப் பிடித்தால் என்ன?" என்ற பேச்சு எழுவது மனித சுபாவம்.

ஆகையால், அயல் நாட்டைச் சேர்த்துக்கொள்ளும் நோக்கத்துடன் செய்யப்படும் யுத்தம் நியாயமாகுமா என்ற கேள்வியை இந்த வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்குக் கடல்கடந்து போகத் தேவையில்லை. நம் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே ஒன்று கிடக்கிறது.

1729-ம் வருஷம் மார்த்தாண்டவர்மர் பட்டத்துக்கு வந்தபோது, இன்று நாம் திருவிதாங்கூர் என்று அறிந்திருக்கும் சீமை ஒரே இராச்சியமாக இருக்கவில்லை. தெற்கே வேணாடு, அதற்கு வடக்கே கொல்லம், கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை, சங்கனாச்சேரியைத் தலைநகராகக் கொண்ட தெக்கும்கூர், அதையும் தாண்டி வடக்கும்கூர். ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஜா, ஒரு சேனை, அண்டை ராஜாவோடு ஒரு சண்டை. ஏறக்குறைய 20 வருஷத்திற்குள் இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மார்த்தாண்டவர்மர் கைக்குள் வந்தன. 1746-ல் காயங்குளமும் அம்பலப்புழையும் போயின. 1749-ல் தெக்கும்கூர் விழுந்தது. அதன் ராஜா ஊரை விட்டு ஓடினார். அடுத்தது வடக்கும்கூர். மலையடிவாரத்துப் பூஞ்சாற்றுத் தலைவர்கள், தாங்கள் பாண்டிய வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள், தங்கள் மலைச் சொத்துக்களை வைத்துக்கொண்டு திருவிதாங்கூரின் மேலாண்மைக்கு உட்பட்டார்கள். இவ்விதமாகத் திருவிதாங்கூரின் கை நம் தலைக்கு மேலுள்ள மலைவரை நீண்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் போடிப் பாளையத்தையே திருவிதாங்கூர் சிறிது காலம் சேர்த்துக்கொண்டிருந்தது என்றும், பிறகு பாளையக்காரர் மீட்டுக்கொண்டார் என்றும் கெஜட்டியர்கள் கூறுகின்றன.

இந்த யுத்தங்களில் கத்தோலிக்கர் இருவருடைய சரித்திரமும் பின்னிக் கிடக்கிறது. இலங்கையிலிருந்து வந்து குளச்சலில் இறங்கிய டச்சுக்காரரை மார்த்தாண்டவர்மர் 1741-ம் வருஷம் ஆகஸ்டு 10-ம் தேதி முறியடித்தார். பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற பிளாண்டர்ஸ் தேசத்துக் கத்தோலிக்கரும் ஒருவர். ராஜா அவருடைய திறமையைக் கண்டு தம் சேனையைப் பழக்க வைத்தார். ஐரோப்பிய முறையில் அணிவகுக்கவும், பீரங்கி வார்க்கவும், கோட்டை கட்டவும் அவர் கற்றுக்கொடுத்தார். குளச்சலுக்குப் பிந்திய வெற்றிகளில் பெரும்பங்கு அவருடையது. "வலிய கப்பித்தான்" என்று ஜனங்கள் அழைத்த அவர் வாயிலாகச் சத்திய வேதத்தை அறிந்தவர்தான் நீலகண்ட பிள்ளை. 1745-ம் வருஷம் மே மாதம் 14-ம் தேதி வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-ம் வருஷம் ஜனவரி 14-ம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ம் வருஷம் மே மாதம் 15-ம் தேதி திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தது.

இங்கேதான் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். வெற்றி பெற்ற சேனைக்கு நம்மவர் ஒருவர் தலைமை தாங்கினார் என்பதால் அந்த யுத்தம் நியாயமாகிவிடாது. அதே ராஜாவின் ஆட்சியில் நம் வேதசாட்சி கொல்லப்பட்டார் என்பதால் அது அநியாயமாகிவிடவும் செய்யாது. யுத்தத்தை அதற்குரிய தராசில் நிறுக்க வேண்டும். நம் சொந்தப் பிரியத்தையும் மனத்தாங்கலையும் தட்டில் வைத்தால் நிறை தப்பும்.

தராசு எது? வேதபாரகரான அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் மூன்று காரியங்களைக் கேட்கிறார். யுத்தம் தொடுப்பவர் அதற்குரிய அதிகாரமுள்ள அரசராயிருக்க வேண்டும். எதிரி ஏதேனும் குற்றம் செய்து, அதனால் தாக்கப்படத் தகுதியுள்ளவனாயிருக்க வேண்டும். தொடுப்பவருடைய கருத்தும் நேர்மையாயிருக்க வேண்டும்: நன்மையை நாட்டவோ தீமையை விலக்கவோ யுத்தம் செய்யலாமேயன்றி, ஆசைக்காகச் செய்யலாகாது. இவருக்கு வெகு காலம் முந்தியவரான அர்ச். அகுஸ்தீன் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். தனக்குத் தீங்கு செய்யாத அயலாரை ஆளும் ஆசையால் மட்டும் அடக்குவதைப் பெருங்கொள்ளை என்பதைத் தவிர வேறென்ன பெயரால் அழைப்பது என்று கேட்கிறார். ஒற்றைக் கப்பலை வைத்துத் திருடினவனுக்குக் கடற்கொள்ளைக்காரன் என்றும், பெரிய கப்பற்படையோடு அதையே செய்தவனுக்குச் சக்கரவர்த்தி என்றும் பெயர் என, பிடிபட்ட கொள்ளைக்காரன் ஒருவன் மகா அலெக்சாந்தருக்கே சொன்ன கதையையும் அவர் எடுத்துக் காட்டுகிறார்.

நம் கேள்விக்கு நேராகவே பதில் சொன்னவர் ஒருவர் உண்டு. ஸ்பெயின் தேசத்துச் சலமாங்கா சர்வகலாசாலையில் வேதசாஸ்திரம் போதித்த விட்டோரியா என்ற அர்ச். சாமிநாதர் சபைக் குரு. அமெரிக்காவில் ஸ்பானியர் பிடித்த நாடுகளைப் பற்றி 1539-ம் வருஷம் அவர் நடத்திய போதனைகளில், மத வித்தியாசம் யுத்தத்துக்கு நியாயமான காரணமல்ல, அரசனுடைய புகழோ லாபமோ காரணமல்ல, இராச்சியத்தை விஸ்தரிப்பதும் காரணமல்ல என்று தீர்மானமாகக் கூறினார். எவர் முன்னிலையில்? தம் சொந்த ராஜாவின் பிரஜைகள் முன்னிலையில். அந்த ராஜாவோ கத்தோலிக்கச் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ். சக்கரவர்த்திக்குக் கோபம் வந்து, இந்த விஷயங்களைப் பேசுவதை நிறுத்தும்படி மடத்து அதிபருக்கு அதே வருஷத்தில் கடிதம் எழுதினார். 1493-ல் ஆறாம் அலெக்சாந்தர் பாப்பு வெளியிட்ட ஆணையை வைத்து, "பாப்பானவர் எங்களுக்குக் கொடுத்தார்" என்று வாதித்தவர்களுக்கும் விட்டோரியா இடம் கொடுக்கவில்லை. உலக இராச்சியங்களை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் பாப்பானவருக்கு இல்லை என்றார். அந்த ஆணைகளைக் காட்டி நாடு பிடித்த கொள்கையைத் திருச்சபை ஏற்பதில்லை என்று வத்திக்கான் 2023-ம் வருஷம் மார்ச் 30-ம் தேதி பகிரங்கமாக அறிவித்தது. குருவானவர் சொன்னதற்கும் அறிவிப்பு வந்ததற்கும் இடையில் ஏறக்குறைய 500 வருஷம். நமக்கு வெட்கம் தரும் கணக்குத்தான். மறைக்காமல் சொல்லுவதே நல்லது.

இனி நம் வழக்குக்கு வருவோம். குளச்சலை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்நியர் கரையிறங்கி ஊர்களைச் சூறையாடிக்கொண்டு தலைநகரான பத்மநாபபுரத்தை நோக்கி வருகிறார்கள். அவர்களை எதிர்க்க ராஜாவுக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் இருந்தது. இதில் சந்தேகமில்லை. ஆயினும் டச்சுக்காரர் ஏன் வந்தார்கள் என்று பார்த்தால் வழக்கு கொஞ்சம் கலங்குகிறது. கொட்டாரக்கரையை மார்த்தாண்டவர்மர் எடுத்துக்கொண்டார். அந்த நாட்டு ராணியை மறுபடி பட்டத்தில் ஏற்றுகிறோம் என்று டச்சுக்காரர் தலையிட்டார்கள். ராணியின் கண்ணீருக்காகவா? மிளகுக்காக. சிற்றரசர் ஒவ்வொருவரோடும் தனித்தனியே ஒப்பந்தம் செய்து குறைந்த விலைக்கு மிளகு வாங்கி வந்தவர்கள் அவர்கள். எல்லா மிளகும் ஒரே ராஜாவின் பண்டகசாலைக்குப் போனால் அவர்கள் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே இரு தரப்பிலும் ஒரே பண்டத்தின் மேல்தான் கண்.

பிந்திய யுத்தங்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்களைப் பாருங்கள். காயங்குளத்து ராஜா உடன்படிக்கையை மீறினார். அம்பலப்புழை ராஜா காயங்குளத்துக்கு உதவி செய்தார். தெக்கும்கூர் அம்பலப்புழைக்கு அநுகூலமாயிருந்தது. இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். ஒரு நாட்டைப் பிடித்தவுடன் அதற்கு அடுத்த நாடு அயல்நாடாகிறது; பயப்படுகிறது; விழுந்தவனுக்குக் கை கொடுக்கிறது; கை கொடுத்ததே குற்றமாகிறது. இப்படி எண்ணிக்கொண்டு போனால், சமுத்திரம் குறுக்கிட்டாலன்றி யுத்தத்துக்கு முடிவு வராது. எதிரியின் குற்றத்துக்குத் தண்டனை என்றால் அபராதமோ, கோட்டையோ, பிணையோ வாங்கியிருக்கலாம். குற்றத்தின் அளவுக்கு மேல் தண்டிக்கக் கூடாது என்பதும் விட்டோரியாவின் போதனைதான். ஓர் உடன்படிக்கையை மீறினதற்கு ஒரு வம்சத்தையும் நாட்டையும் முழுவதுமாய் எடுத்துக்கொள்வது, கடன் பாக்கிக்காக வீட்டோடு வீட்டுக்காரனையும் வெளியேற்றுவது போல.

வெற்றிக்குப் பின் என்ன நடந்தது என்பதும் கருத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மிளகு சர்க்காரின் ஏகபோகமாயிற்று. பயிரிட்டவன் பண்டகசாலைக்கே கொண்டுவந்து, சர்க்கார் வைத்த விலைக்குக் கொடுக்க வேண்டும். 1753-ம் வருஷம் மாவேலிக்கரையில் டச்சுக்காரர் திருவிதாங்கூருடன் சமாதானம் செய்துகொண்டபோது, சிற்றரசர்களைக் கைவிட்டார்கள்; திருவிதாங்கூர் அவர்களுக்கு மிளகு கொடுக்கவும், அவர்கள் ஆயுதங்கள் கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. ராணிக்காக வந்தவர்கள் துப்பாக்கி விற்றுவிட்டுப் போனார்கள்! நம் ஏலக்காயும் இந்த வலையில்தான் பிறகு விழுந்தது. 19-ம் நூற்றாண்டில் ஏலமலையின் காய் சர்க்கார் ஏகபோகம். காட்டைத் திருத்தி ஏலம் வளர்த்தவர்களில் போடியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் ஏறிப்போன குடியானவர்கள் ஏராளம். ஆனால் காயை வெளியில் விற்க அவர்களுக்கு உரிமையில்லை.

வேத ஆகமத்தில் இதற்கு ஒத்த சம்பவம் ஒன்று உண்டு. ஆக்காப் ராஜாவின் அரண்மனையை அடுத்து நாபோத் என்பவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. ராஜா நல்ல விலை தருவதாகத்தான் கேட்டான். முன்னோர் சொத்தை விற்கமாட்டேன் என்றான் நாபோத். அப்புறம் பொய்ச்சாட்சி, கல்லெறிந்து கொலை, தோட்டம் ராஜாவுக்கு. எலியாஸ் தீர்க்கதரிசி வந்து, தோட்டத்தில் இனி என்ன விளையும், நிர்வாகம் எப்படி நடக்கும் என்று விசாரிக்கவில்லை. கொலை செய்து சுதந்தரித்துக்கொண்டாயோ என்றுதான் கேட்டார்.

ஆட்சேபனைகள் எனக்குத் தெரியும். அவற்றில் பலமானதை முதலில் சொல்கிறேன். சிற்றரசர்கள் ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டிருந்த சீமையில் ஒரே ஆட்சி வந்தது, வழிப்பயணம் சேமமாயிற்று, 1789-ம் வருஷக் கடைசியில் திப்பு சுல்தான் வடக்கேயிருந்து பாய்ந்தபோது, நெடுங்கோட்டையில் அவரை முதலில் தடுத்து நிறுத்தும் பலம் அந்த ஒரே இராச்சியத்துக்கு இருந்தது, மலபாரிலிருந்து ஓடிவந்தவர்களுக்குத் திருவிதாங்கூர் அடைக்கலமும் கொடுத்தது. இதெல்லாம் மெய். சிதறிக் கிடந்த ஏழெட்டு ராஜாக்களால் இதைச் செய்திருக்க முடியாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும், பின்னால் வந்த நன்மை முன்னால் செய்த காரியத்தை நியாயமாக்குமா? சர்வேசுரன் தீமையிலிருந்தும் நன்மையை வருவிக்க வல்லவர். அது அவருடைய வல்லமைக்குப் புகழ்ச்சியே தவிர, தீமை செய்தவனுக்குச் சீட்டல்ல. மேலும், 1746-ல் காயங்குளத்தின் மேல் படை போகும்போது, 43 வருஷம் கழித்துத் திப்பு வருவார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைக் காரணமாகக் காட்ட முடியாதல்லவா?

இரண்டாவது ஆட்சேபனை: "ராஜா அந்த நாட்டைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லையே! 1750-ம் வருஷம் ஜனவரி மாதம் இராச்சியம் முழுவதையும் பத்மநாபசுவாமிக்குத் திருப்படி தானமாக ஒப்படைத்து, தாம் தாசனாயிருந்து ஆண்டாரே!" அவருடைய பக்தியை நாம் எடைபோட வேண்டியதில்லை, அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் கொடுப்பவனுக்குச் சொந்தமானதைத்தான் காணிக்கையாகக் கொடுக்கலாம் என்பது எந்த மதத்தாரும் ஒப்புக்கொள்ளும் நியாயம். இதைச் சொல்லும்போது நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். பிடித்த கரைகளில் எல்லாம் சிலுவையை நாட்டிச் சர்வேசுரன் பேரால் நாடுபிடித்த கத்தோலிக்க அரசர்கள் எத்தனை பேர்!

டிலனாய் கப்பித்தானைப் பற்றி என்ன சொல்வது? "அவர் சேவகர், ராஜா சொன்னதைச் செய்தார்" என்று கடந்து போகலாம். விட்டோரியா இதையும் ஆராய்கிறார். யுத்தத்தின் நியாயம் சந்தேகமாயிருந்தால் பிரஜை தன் அரசனுக்குக் கீழ்ப்படியலாம். அநியாயம் கண்கூடாகத் தெரிந்தாலோ, அரசன் கட்டளையிட்டாலும் யுத்தம் செய்யலாகாது. ஆலோசனை சொல்லும் ஸ்தானத்தில் இருப்பவர்கள் விசாரித்துப் பார்க்கவும் கடமைப்பட்டவர்கள். டிலனாய் முதலில் கைதி, பிறகு சேனாபதி. கைதிக்கு எவ்வளவு சுயாதீனம் இருந்தது? சேனாபதியான பின் எவ்வளவு விசாரித்தார்? தமக்குப் பிரியமான தேவசகாயத்தையே அவரால் காப்பாற்ற முடியவில்லை என்பதை நினைக்கும்போது, அரண்மனையில் அவருடைய சொல்லுக்கு எல்லை இருந்தது என்று தெரிகிறது. அவருடைய ஆத்துமத்துக்கு நீதிபதி நாமல்ல. ஆனால் அவர் நல்ல கத்தோலிக்கர், கோயில் கட்டியவர் என்பதை வைத்து அவருடைய பீரங்கிகளுக்கு நாம் நற்சாட்சி எழுதிக்கொடுக்க முடியாது.

கடைசியாக ஒரு சிக்கல். அந்த யுத்தம் அநியாயம் என்றால், அதனால் வந்த எல்லையும் அநியாயந்தானே, திருத்த வேண்டாமா என்று வாலிபர் சிலர் கேட்கலாம். திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஆனால் யாரிடம் திருப்புவது? தெக்கும்கூர் இன்று இல்லை. பிடித்தவரும் பிடிகொடுத்தவரும் மண்ணோடு மண்ணாகி இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. இடையில் அந்த மண்ணில் பிறந்து, வீடு கட்டி, தோட்டம் போட்டு, கல்லறையும் வைத்துவிட்ட ஜனங்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவர்களை அப்புறப்படுத்த இன்னொரு படை ஏறினால், அது பழைய அநியாயத்துக்குப் பரிகாரமல்ல, புதிய அநியாயம். "முன்னே எங்களுடையதாயிருந்தது" என்ற வாதத்தை வைத்துத்தான் 1990-ல் ஈராக் குவைத்தை விழுங்கியது. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் பெரும்படையோடு புகுந்தபோதும் பழைய சரித்திரமே பாடமாகச் சொல்லப்பட்டது. முந்நூறு வருஷத்துப் படத்தை விரித்தால் உரிமை கேட்க முடியாத நாடு உலகத்தில் எது?

நம் பகுதியின் எல்லையை 1956-ல் எப்படித் தீர்த்தார்கள் என்பதையும் பார்க்கலாம். தமிழ் பேசும் தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழர் போராடினார்கள். 1954-ம் வருஷம் ஆகஸ்டு 11-ம் தேதி போலீஸார் சுட்டதில் உயிர்கள் போயின. ஆகவே இரத்தமே சிந்தவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முடிவைச் சேனை செய்யவில்லை. ஒரு கமிஷன் விசாரித்தது. பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. இது சரியான பங்கீடு அல்ல என்று இன்றும் வருத்தப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. வருத்தத்துக்குக் காரணமும் உண்டு. என்றாலும் மறுநாள் காலையிலும் நம்மவர்கள் மெட்டு ஏறி வேலைக்குப் போனார்கள். அங்குள்ளவர்கள் இறங்கிவந்து போடியில் காய் விற்றார்கள்.

காற்றாடிமலைக்குத் திருயாத்திரை போகிறவர்கள், திரும்பும் வழியில் தக்கலைக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையையும் பார்த்து வாருங்கள். உள்ளே சிதைந்த கோயிலில் 1777-ல் மரித்த டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் இலத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. அங்கே அவருடைய ஆத்துமத்துக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லுங்கள். காயங்குளத்திலும் அம்பலப்புழையிலும் தெக்கும்கூரிலும் இரு பக்கத்திலும் விழுந்த சேவகர்களுக்காக இன்னொன்று சொல்லுங்கள்.